கோட்டின் மேல் ஓர் எறும்பு

ஜூன் 10, திங்கள்

இந்த டைரி சிபி கொடுத்தது. பல் டாக்டர்களுக்குப் பற்பசைக் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுக்கிற டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்று இருமுறை பல் துலக்கினீர்களா?' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஜனவரியில் வாங்கி வீல் அலைன்மென்ட் மிஷின் மேல் போட்டவன், ஆறாம் மாதத்தில் தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் கோமதியிடம் சொன்னால், 'அப்ப விட்டுத் தொலைங்க' என்பாள். கடையில் சொன்னால் சிரிப்பார்கள். எழுதினால் யாரும் எதிர்த்துப் பேசப் போவதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கார் ரேஸ் டீமின் முதலாளி விஜயரங்கம் சார், அதில் ஓட்டுகிற என்னையும் சிபியையும் இன்று அவருடைய இரும்பு வார்க்கிற பவுண்டரிக்குக் கூப்பிட்டார். அடுத்த வருடம் இரண்டு கார் ஓட்ட முடியாது, ஒரு ஸ்பான்சர் பின்வாங்கிவிட்டார், ஒரு கார்தான் என்றார். இந்த சீசன் முடியும்போது எங்களில் யார் முன்னால் இருக்கிறோமோ அவருக்கு சீட். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். இனிமேல் இரண்டு பேரும் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். நான் எந்த இடத்தில் பிரேக் மிதிக்கிறேன், எங்கே ஆக்சிலரேட்டரை விடுகிறேன், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்கிறேன் என்று காருக்குள் இருக்கிற பெட்டி கோடு கோடாகப் பதிந்து வைக்கிறதே, அதை முழுக்க சிபி பார்க்கலாம். அவனுடையதை நான் பார்க்கலாம்.

"ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரையும் அடிச்சுக்கச் சொல்லீட்டு, என்ற ரகசியத்தைத் தூக்கி அவனுக்குக் குடுன்னா எப்படிங் சார்?" என்றேன்.

"வண்டி என்னுது. டயர் என்னுது. பெட்ரோல் என்னுது. அதுல வர்ற கோடு மட்டும் உன்னுதா பாணி?"

"மிதிக்கிற கால் என்னுதுங் சார்."

சார் சிரிக்கவில்லை. சிபிதான் சிரித்தான். அவனுக்கு எல்லாமே வேடிக்கை. பொள்ளாச்சியில் சொந்த கிளினிக், முப்பத்துமூன்று வயது, ரேஸுக்கு வந்து மூன்றாவது வருடம். கார் இல்லையென்றால் பல் இருக்கிறது. எனக்கு முப்பத்தொன்பது. பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அந்த சீட் போனால் நான் பீளமேட்டில் வீல் அலைன்மென்ட் பார்க்கிற தண்டபாணி, அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

கடையில் பதினோரு கார். இடது கடைவாய்ப் பல் விண்விண் என்று தெறிக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

சிபி யாரும் கேட்காமலேயே தன் கோடுகளை எனக்கு அனுப்புகிறவன். போன வருடத்திலிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு பிராக்டிஸ் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கிராஃப் வந்து விழும். 'பாத்துட்டுத் திட்டுங்கண்ணா' என்று கீழே ஒரு வரி. நான் திட்டியதில்லை. பார்த்திருக்கிறேன். அவன் எங்கே பயப்படுகிறான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இன்று காலை கோமதி துணி காயப்போட்டுக்கொண்டே, "அந்தப் பையன் குடுக்கறானல்லங்க, நீங்களுங் குடுத்தா என்னவாம்?" என்றாள்.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? இந்த ஓட்டத்தை நான் எலும்பைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். 2013, ஸ்ரீபெரும்புதூர் டிராக். இரண்டாம் வளைவின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மேடு உண்டு. அதில் ஏறி இறங்கினால் நேரம் மிச்சம். ஏறினேன். பிறகு நீள ரோடு. அதன் கடைசியில் மூன்றாம் வளைவு. பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது, அதற்குள் டயர் சுவரில் இருந்தேன். காறை எலும்பு இரண்டு துண்டு. ஐந்து மாதம் படுக்கை.

அப்போது எங்கள் டீமில் எனக்கு மூத்தவர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பேர் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, மேட்டில் சக்கரம் தடதடவென்று அடிபடும்போது பிரேக் கட்டைகள் டிஸ்க்கை விட்டு மயிரிழை விலகிவிடும், அதனால்தான் முதல் மிதி வீணாகப் போனது என்று விளக்கினார். "நீள ரோட்டுல போறப்பவே இடது காலால லேசா ஒரு தட்டு தட்டியிருக்கோணும் பாணி. கட்டை பழைய எடத்துக்கு வந்துருக்கும்," என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாத்துக்குடி வாங்கின பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்திருக்கிறார்.

அன்றிலிருந்து இடது கால் தானாகத் தட்டும். நான் நினைக்கக்கூட வேண்டியதில்லை.

ஜூன் 21, வெள்ளி

பல்வலி பொறுக்க முடியாமல் பொள்ளாச்சிக்கே போய்விட்டேன். வேர் சிகிச்சையாம். மூன்று முறை வர வேண்டுமாம். ஊசி போட்டு, வாய்க்குள் ரப்பர், இடுக்கி, குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு சிபி ஆரம்பித்தான். அவன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாமிர்தத்தில் விழுந்த ஈயை எடுப்பது போல அவ்வளவு பதமாக வேலை செய்கிறது. வலிக்கவே இல்லை. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, இது வேர், இது நரம்பு, இங்கே சீழ் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நான் கேட்கவே இல்லை.

"டேட்டா விசயத்துல எம்மேல கோவமுங்களாண்ணா?"

"ஆ."

"ஸ்ரீபெரும்புதூர் ரெண்டாவது வளைவுல நீங்க என்னைய விட அரை செகண்டு முந்தறீங்க. எனக்கு அது ஒண்ணுதான் புரியவே மாட்டேங்குது. காட்டுவீங்களா?"

"ஆ."

"அப்ப சரிங்கறீங்க!" என்று தானே முடிவு செய்துகொண்டு அடுத்த ஊசியை எடுத்தான். வாயில் ரப்பரை வைத்துக்கொண்டு யாரால் மறுக்க முடியும்? காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். கொடுத்துத்தான் தொலைப்போமே என்று தோன்றியது உண்மை.

ஜூன் 28, வெள்ளி

இரண்டாவது முறையும் முடிந்தது. தற்காலிகமாக அடைத்திருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் முடிந்து வந்ததும் நிரந்தரமாக அடைத்துப் பல்லுக்கு மேல் தொப்பி போடுவானாம். அதுவரை இடது பக்கம் கடிக்கக் கூடாது.

ஜூலை 5, வெள்ளி. ஸ்ரீபெரும்புதூர்

காலையில் பிராக்டிஸ். வெயில் தகரக் கூரையை உருக்கிவிடும் போலிருந்தது. டயர் இரண்டு செட், முன்பக்கம் கொஞ்சம் தேய்மானம் அதிகம். மதியம் தயிர் சாதம், வலது பக்கமாக.

சாப்பாட்டுக்குப் பிறகு கிருத்திகா லேப்டாப்பை விரித்தாள். டீமின் டேட்டா எல்லாம் அவள் பொறுப்பு. வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. என் கோடு சிவப்பு, சிபி கோடு நீலம், ஒன்றன்மேல் ஒன்று. என் பக்கத்திலிருந்து எதையும் மறைக்கவில்லை. மேட்டில் எவ்வளவு ஏறுகிறேன், மூன்றாம் வளைவில் எந்த மீட்டரில் மிதிக்கிறேன், எல்லாம் இருந்தது. சிபி பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டான். நடுவில் டீ வாங்க அவன் வெளியே போனபோது கிருத்திகா நீள ரோட்டின் நடுவே எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் கோடு தரையோடு தரையாகப் போகிற இடத்தில், எறும்பு மாதிரி ஒரு சின்னப் புடைப்பு.

"இது என்னங்ண்ணா? எல்லா லேப்லயும் வருது."

"சென்சார் நாய்ஸா இருக்கும், வெறும் அதிர்வு," என்றேன்.

அவள் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். கோடு சுத்தமாகிவிட்டது. சிபி டீயோடு வந்தான். சர்க்கரை தூக்கல்.

மற்றபடி இன்று விசேஷம் எதுவுமில்லை. கேட்டபடி டேட்டா கொடுத்தாயிற்று. இனிமேல் யாரும் என்னைச் சொல்ல முடியாது.

ஜூலை 6, சனி. ஸ்ரீபெரும்புதூர்

குவாலிஃபையிங், நாளைக்கு ரேஸில் யார் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகிற ஓட்டம். சிபி இரண்டாவது இடம், நான் மூன்றாவது. ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். மேட்டில் பாதி ஏறியிருக்கிறான்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என்னிடம்தான் ஓடி வந்தான். "பெருசா மாறிருச்சுங்ணா! நீங்க குடுத்த கோடுதான். நாளைக்கு முழுசா ஏறிப் பாக்கறேன்," என்றான். பிறகு, "மூணாவது வளைவுல பெடல் மட்டும் கொஞ்சம் நீளமா போற மாதிரி இருக்குதுங்ணா. உங்களுக்கு அப்படி இருக்குதுங்களா?"

"சேவியரண்ணன்கிட்ட சொல்லு," என்றேன்.

சேவியரண்ணன் எங்கள் மெக்கானிக். சாயங்காலம் முழுக்க அவர் சிபி காரின் அடியில் படுத்து, பிரேக் லைனில் காற்று இருக்கிறதா என்று நாலு சக்கரத்திலும் ஆயிலை ஓட்டி எடுத்தார். அறுபதை நெருங்குகிறவர். முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

நான் இரண்டாவதாக முடித்தேன். சிபி ஐந்தாவது லேப்பில் மூன்றாம் வளைவில் நேராகப் போய்விட்டான்.

ஜூலை 8, திங்கள்

வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு. பிளேட் வைத்திருக்கிறார்கள். விலா மூன்று. உயிருக்கு ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருக்கிறான், அதனால்தான் கை என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் பழவண்டி. சாத்துக்குடி வாங்கவில்லை. ஆப்பிள் வாங்கினேன்.

மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. என்னைப் பார்த்ததும், "பெடல் உள்ள போயிருச்சுங்ணா," என்றான். அதையே நாலைந்து தடவை சொன்னான். அவன் அம்மா அழுதுகொண்டே, "இந்தக் கையில இனி ஊசி புடிப்பானுங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார். பிடிப்பானுங்க அம்மா என்றேன். வேறென்ன சொல்வது.

ஜூலை 11, வியாழன்

ஷெட்டில் விசாரணை. சார், நான், கிருத்திகா, சேவியரண்ணன்.

நொறுங்கின காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, சேவியரண்ணன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "மேட்டுல ஏறி இறங்கினதுல கட்டை விலகியிருக்கும் சார். முதல் மிதி சும்மா போயிருக்கும்."

சார் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "பாணியும் அதே மேட்டுலதான் ஏறறான். அதே எடத்துலதான் மிதிக்கிறான். எட்டு லேப்பு. அவனுக்கு ஒரு தடவை கூட விலகலையே? ரெண்டு வண்டியும் ஒரே வண்டி, ரெண்டு கோடும் ஒரே கோடு. சனிக்கிழமை நீ கை வெச்ச ஒண்ணுதான் வித்தியாசம் சேவியர். காத்தை முழுசா எடுத்தியா?"

"எடுத்தேன் சார்."

"ஆயில் எடுக்கத் தொறந்த நிப்பிளைத் திருப்பி முறுக்கினியா?"

சேவியரண்ணன் காரின் முன்சக்கரத்தைப் பார்த்தார். "முறுக்கினேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார். அந்த 'நினைக்கிறேன்'தான் அவரைக் கவிழ்த்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார் சார். இருபத்திரண்டு வருடம். 2013இல் கதவை நெம்பி என்னை வெளியே இழுத்த கை.

கிருத்திகா என்னைப் பார்த்தாள். நான் நொறுங்கின ரேடியேட்டரைப் பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

ஒன்பது கார். ஒரு இன்னோவாவுக்கு வலது பக்கம் இழுக்கிறது என்றார்கள். இரண்டு தடவை சரி செய்தும் இழுக்கிறது. எரிச்சலில் ஓனரிடம் சத்தம் போட்டேன். பாவம், அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஜூலை 24, புதன்

கிருத்திகா கடைக்கே வந்துவிட்டாள். ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போடாமலேயே கேட்டாள்.

"அண்ணா, அந்த எறும்பு நெசமாலுமே நாய்ஸ்தானுங்களா?"

"ஆமா."

"பழைய ஃபைலெல்லாம் எடுத்துப் பாத்தேனுங். போன வருசம், முந்தின வருசம். மேடு இருக்கற எடம் தாண்டி மட்டுந்தான் வருது. சென்சாருக்கு எப்படிங்ணா மேடு தெரியும்?"

"பழைய சென்சார்மா. அப்படித்தான் இருக்கும்."

சரிங்ணா என்று போய்விட்டாள். முகம் செத்துப் போயிருந்தது. அந்தப் பட்டனைத் தட்டினது அவள் கை. அவளும் தூங்கியிருக்க மாட்டாள் என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. எனக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கோமதி எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம் என்று கட்டினாள். பேரூருக்குப் போனோம், ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. தேங்காய் சாதத்தை இடது பக்கம் கடித்துவிட்டேன். தற்காலிக அடைப்பில் பாதி பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே காற்று பட்டாலே உச்சந்தலை வரைக்கும் இழுக்கிறது.

"வேற டாக்டர்கிட்டப் போலாமில்லங்க? காந்திபுரத்துல தடுக்கி விழுந்தா பல் டாக்டர்," என்றாள் கோமதி.

போகலாம். போகவில்லை. ஏன் என்று அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் படித்துறையில் வைத்துச் சொல்லிவிட்டேன், எறும்பிலிருந்து எல்லாவற்றையும்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். டப்பாக்களை எல்லாம் மூடிப் பையில் வைத்தாள். பிறகு, "நீங்க அஞ்சு மாசம் படுத்துக் கெடந்தப்ப உங்களுக்கு நாந்தானுங்க சட்டை மாட்டி விட்டேன். அந்த சாத்துக்குடிக்காரரை நீங்க திட்டாத நாளில்லை," என்றாள். 

நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மறதி இல்லை, நாய்ஸ் இல்லை. சிபி அடிபட வேண்டும் என்று நினைத்தேனா என்றால், சத்தியமாக இல்லை. அரை செகண்டு என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். மேட்டில் பயந்து மறுபடி இறங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். சனிக்கிழமை பெடல் நீளம் என்று அவன் வந்து நின்றபோது எனக்கு எல்லாம் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாரிடம் சொன்னேன். பவுண்டரியில், அவருடைய அறையில். கேட்டுக்கொண்டே இருந்தார். கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என்ற சம்சாரத்துக்கு. கிருத்திகாவுக்குப் பாதி தெரியும்."

"இதை இங்கயே விட்டுரு பாணி. என்ற டிரைவரே என்ற டிரைவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டான்னு நான் ஸ்பான்சர்கிட்டப் போய்ச் சொல்ல முடியாது. சேவியருக்கு நம்ம பம்ப் கம்பெனியில ஏதாச்சும் பாத்துப் போட்டுத் தர்றேன். சிபிக்கு ஆஸ்பத்திரிச் செலவு நாம பாத்துட்டோம். அடுத்த வருச சீட்டும் உனக்குத்தான், வேற யாரு இருக்கா? மிச்ச ரவுண்டை ஒழுங்கா ஓட்டு."

அப்படியாக சீட் கிடைத்துவிட்டது.  

ஆகஸ்ட் 12, திங்கள்

சேவியரண்ணன் சிங்காநல்லூரில் ஒரு பைக் ஒர்க்ஷாப்பில் இருக்கிறார். சாருடைய பம்ப் கம்பெனி வேண்டாம் என்றுவிட்டாராம். போனேன். ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. நட்டைக் கழற்றித் தட்டில் போட்டார். இன்னொன்றையும் கழற்றினார். "ஒரு மாசமா அந்த நிப்பிளை மனசுக்குள்ள முறுக்கிட்டே இருக்கேன் பாணி," என்றார். "வலது முன்பக்கம் முறுக்கினது ஞாபகம் இருக்கு. இடது முன்பக்கம் ஞாபகம் வரல. சோத்துல கை வெச்சா அது. ஜெபத்துல உக்காந்தா அது. எங்கையை நானே நம்பறதில்லை. இந்த ஸ்கூட்டர் நட்டைக் கூட மூணு தடவை தொட்டுப் பாக்கறேன்."

"அண்ணா..."

"போ பாணி. இப்பப் போயிரு. கையில ஸ்பேனர் இருக்கு."

ஆகஸ்ட் 14, புதன்

பொள்ளாச்சி. கிளினிக்கில் ஒரு புது டாக்டரம்மா வேலை பார்க்கிறார். சிபி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுக்கிறான். வலது கை முழங்கை வரை கட்டு.

"வாங்கண்ணா! அந்த அடைப்பு இத்தனை நாள் தாங்காதுன்னு நெனச்சேன், ஏனுங் வரல?" என்று நாற்காலியைக் காட்டினான். ரப்பரை மாட்டிவிட்டால் பேச முடியாது. அதனால் நாற்காலியில் சாயாமல், ஓரமாக உட்கார்ந்தபடியே சொன்னேன். தட்டு, எறும்பு, நாய்ஸ், சனிக்கிழமை, சேவியரண்ணன், சார் சொன்னது எல்லாம். சீட்டைப் பற்றியும் சொன்னேன். டாக்டரம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சிபி தன் விரல் நுனிகளைப் பார்த்தான். கட்டுக்கு வெளியே அவை வீங்கியிருந்தன. பிறகு மேஜையில் இருந்த மருந்துச் சீட்டைத் திருப்பி, இடது கையில் பேனாவை எடுத்தான்.

"எத்தனை தட்டு?"

"ஒண்ணு. மேட்டுல ரொம்ப ஏறினா ரெண்டு."

"எங்க?"

"நீள ரோட்டுக்கு மேல ஒரு பாலம் போகுதில்ல, அதோட நிழல் தாண்டினதும். மிதிக்கிற எடத்துக்கு நூத்தம்பது மீட்டர் முன்னால."

"எவ்வளவு அழுத்தம்?"

"பெடல் காலைத் தொடறது தெரியோணும். வண்டி குறையக் கூடாது."

கோணல் மாணலாக எழுதினான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல இருந்தது. எழுதி முடித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டாக்டரம்மாவிடம், "இவருக்கு முடிச்சு அனுப்பிருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அண்ணா என்று சொல்லவில்லை.

பல் முடிந்தது. அந்தம்மா கை கொஞ்சம் முரட்டுக் கை. வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கிருத்திகாவிடம் வடிகட்டாத பழைய ஃபைலைக் கேட்டு வாங்கினேன். எறும்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இது நாய்ஸ் இல்லை, என் இடது கால், தெரிந்தேதான் மறைத்தேன், கிருத்திகாவிடம் பொய் சொன்னது நான், சேவியரண்ணன் வேலையில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதி டீம் குரூப்பில் போட்டேன். பதினாலு பேர் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சார் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார். போனில் ஒரே வரி: 'ஹெல்மெட், சூட் எல்லாம் ஷெட்ல இருக்கு, வந்து எடுத்துக்க.'

கோமதியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சாப்பிட வாங்க," என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சேவியரண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். கிருத்திகா சொன்னாள். கடையில் எட்டு கார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

செட்டிபாளையத்தில் ரேஸ். என் காரில் யாரோ சேலத்துக்காரர் ஓட்டுகிறாராம். வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். போகவில்லை. மொட்டை மாடித் தொட்டியைக் கழுவினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம். கோமதி ஹெல்மெட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். இடது பக்கம் பொரி கடித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை.

நவம்பர் 23, சனி

கடைசி ரவுண்டு இன்றும் நாளையும் ஸ்ரீபெரும்புதூரில். கிருத்திகா அனுப்பிய செய்தியில்தான் தெரிந்தது, சிபி ஓட்டுகிறான். பிளேட்டோடுதான். டாக்டர் ஓட்டலாம் என்றுவிட்டாராம்.

கடையில் ஏழு கார். மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு ஸ்விஃப்டை மேடையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்த சத்தம். சிபி. ஒரு படம். கீழே ஒரு வரியும் இல்லை.

கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். காலை பிராக்டிஸ் கிராஃப். இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். மேட்டில் முழுசாக ஏறியிருக்கிறான். நீள ரோட்டில், கோடு தரையோடு தரையாகப் போகிற இடத்தில் ஓர் எறும்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இவ்வளவு ஏறினால் இரண்டு தட்டு வேண்டும்தான். ஆனால் இரண்டாவது தட்டு ரொம்பத் தாமதம், மிதிக்கிற இடத்துக்குக் கிட்டே வந்துவிட்டது. அங்கே தட்டினால் அவசரத்தில் கால் தடுமாறும்.

ஸ்விஃப்ட்காரர் எவ்வளவு நேரம் ஆகும் என்றார். கொஞ்சம் இருங்கள் என்றேன்.

'இரண்டாவது தட்டைப் பத்து மீட்டர் முன்னால் வை. பாலத்து நிழலிலிருந்து எண்ணு' என்று அடித்து அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமானது.  முன்சக்கரத்தைக் கழற்றினேன், மாட்டினேன், பில் போட்டேன், அடுத்த வண்டியை ஏற்றினேன்.

நாலரைக்கு இன்னொரு படம் வந்தது. இதற்கும் கீழே ஒன்றும் எழுதவில்லை. இரண்டாவது எறும்பு பத்து மீட்டர் முன்னால் இருந்தது.